மணிகண்டம் மனையும் அந்த அக்காவின் கையெழுத்தும்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மருமகள் தேன்மொழிக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லாமல் "எழுதி அனுப்புகிறேன்" என்றதும் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். போனில் சொன்னால் பாதியை நீ கேட்பாய், மீதியைப் பக்கத்தில் நின்று உன் அப்பா கேட்பான். கேட்டுவிட்டு, "இதெல்லாம் பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு" என்று ஆரம்பிப்பான். எழுதினால் அவன் படிக்க மாட்டான். அவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு என்னை மாதிரி வீடு, மனை பேசி முடிக்கிற தொழிலுக்கு வந்தது சரியா என்று நான் சொல்லப் போவதில்லை. விட்டாயிற்று. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய மணிகண்டம் மனையின் ஜெராக்ஸைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

திருச்சி பஞ்சப்பூரில் புதுப் பேருந்து நிலையம் 2025இல் திறந்ததிலிருந்து மணிகண்டம் போகிற ரோடு நெடுக எல்லோரும் விலை பேசுகிறார்கள். நீயும் விலையில்தான் ஆரம்பித்தாய். சென்ட் என்ன போகும், எவ்வளவு குறைத்துப் பேசலாம், நமக்கு எவ்வளவு நிற்கும் என்று. நான் விலையைப் பார்க்கவே இல்லை. பத்திரத்தில் யார் யார் பேர் இருக்கிறது, யார் பேர் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் பார்த்தேன். இந்தத் தொழிலில் வேலை என்று ஒன்று இருந்தால் அதுதான். இடத்தைக் காட்டுவதற்கு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற யாரும் போதும்.

1968இல் பெரியவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியிருக்கிறார். 1997இல் காலமாகிவிட்டார். உயில் இருப்பதாகத் தெரியவில்லை. 2003இல் மகன்கள் இரண்டு பேரும் பாகப்பிரிவினை எழுதிப் பதிந்துகொண்டார்கள். இளையவர் தன் பங்குக்கு வந்த 6 சென்ட்டை, அதாவது 2,600 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே, இப்போது விற்க வருகிறார். பட்டா அவர் பேரில். வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. "டாக்குமென்ட் பக்கா" என்று அந்த மீடியேட்டர் உன்னிடம் சொன்னார், நீ என்னிடம் சொன்னாய். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முதல் பக்கத்தை நிதானமாகப் படி. சகோதரிக்கு நகை போட்டுச் சீர்செய்து கட்டிக்கொடுத்துவிட்டபடியால் அவருக்குச் சொத்தில் பாத்தியம் இல்லை என்று ஒரு வரி வருகிறதே, கவனித்தாயா? அந்தப் பெண்மணியின் கையெழுத்து அந்தப் பத்திரத்தில் எங்கேயும் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து அவருக்குப் பாத்தியம் இல்லையென்று எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"பெண்களுக்குப் பங்கு 2005க்கு அப்புறம்தானே" என்று மீடியேட்டர் வாதம் செய்வார். நம்மூரில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையை 1989லேயே சட்டமாக்கிவிட்டார்கள், அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்கு. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. ஆனால் இந்த மனைக்கு அந்த இரண்டும் தேவையே இல்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால் 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. சீர் செய்ததெல்லாம் கணக்கில் வராது. பத்து வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள்கூட இதைத் தெரியாமல் பேசுவார்கள். பேசட்டும், நீ பேசாதே.

வில்லங்கச் சான்றில் இது ஏன் வரவில்லை என்று கேட்பாய். அதில் பதிவான விவகாரம் மட்டும்தான் வரும். அந்த அக்கா எதையும் பதியவில்லை, அதனால் அதில் அவர் இல்லை. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு, அதை மட்டும் வைத்து உரிமையை முடிவு செய்ய முடியாது. பாகப்பிரிவினையைக் காட்டி வாங்கிய பட்டாதான் இதுவும். தாலுகா ஆபீஸில் கொடுத்த வாரிசுச் சான்றைக் கேள். அதில் பெரியவரின் மனைவி, மகன்கள், மகள் எல்லோர் பேரும் இருக்கும். அம்மா பிறகு இறந்திருந்தால் அவர் பங்கும் மூன்று பிள்ளைகளுக்கும் போகும்.

இதற்காக இந்த இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அக்கா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அல்லது கிரயத்தில் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இடம் சுத்தம். அவர் மணப்பாறையில் இருப்பதாகச் சொன்னாய். நேரில் போ. தம்பி அனுப்பிய ஆள் என்று போகாதே, இந்த இடத்தை வாங்க ஒருத்தர் வருகிறார், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்று சொல்லு. கேட்டதும் அழுவார் அல்லது கோபப்படுவார், இரண்டையும் கேட்டுக்கொண்டு உட்கார். கடைசியில் ஒரு தொகை சொல்வார். அதைத் தம்பியிடம் கொண்டுபோய்ப் பேசு. கொடுக்க முடியாது என்று அவர் குதித்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பார். வாங்க வந்தவரை மட்டும் விட்டுவிடாதே. "இந்த இடம் உங்களுக்கு வேண்டாம் சார், காரணம் இது" என்று சொல்லிப் பார், அடுத்த இடத்துக்கு அவர் உன்னைத்தான் கூப்பிடுவார். நம் தொழிலில் ஆண்கள் அதிகம். ஆனால் இந்த மாதிரி ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேச அவர்களால் ஆகாது. அது உன் கைமுதல்.

இதே மாதிரி மறைந்து கிடக்கிற சங்கதிகள் இன்னும் உண்டு. 1890களில் ஆங்கிலேய அரசு பட்டியலின மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் இருக்கிறது, வேறு யாரும் வாங்க முடியாது. புறம்போக்கு, கண்மாய் வாய்க்கால், கோயில் இனாம், வக்ஃபு, பூதான நிலம் எல்லாம் உண்டு. ஸ்ரீரங்கத்தில், வீடு நிற்கிற நிலம் கோயிலுடையதா என்கிற அடிமனைப் பிரச்சினை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, உனக்கே தெரியும். அங்கே யாராவது வீடு விற்க வந்தால் முதலில் அதை விசாரி. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்க்கப் பழகு. எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தேடிப் பார்க்கப் பழகு. வக்கீல் ஒருத்தரைப் பிடித்துவைத்துக்கொள், லீகல் பார்க்கிற செலவை வாங்குபவர் கொடுக்கட்டும்.

லேஅவுட் மனை என்றால் 2016ஐ மறக்காதே. அந்த வருஷம் செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்டபோது மதுரையில் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பிறகு 2017இல் வரன்முறைப்படுத்த விதி வந்தது, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு. இப்போது யாராவது "அப்ரூவல் வந்துக்கிட்டே இருக்கு" என்றால், வந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வா. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடியோ ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதில் மனை விற்றுக்கொடுக்க நீயும் ஏஜென்ட் என்று பதிந்திருக்க வேண்டும். பதியாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒருத்தருடைய பழைய வீட்டை இன்னொருத்தருக்குப் பேசி முடிப்பதற்கு அது தேவையில்லை. ஆனாலும் பதிந்துவிடு. பெரிய கம்பெனிக்காரர்கள் கையில் எண் இல்லாதவர்களிடம் பேசுவதில்லை.

விற்பனையில் உடனே காசு பார்க்க நினைக்காதே என்பதற்குத்தான் இவ்வளவும். முதல் வருஷம் வாடகை வீடு பார். நானும் அப்படித்தான் வந்தேன். எஸ்.எஸ். காலனியில் தையல் மிஷின் போட்டிருந்தபோது ப்ளவுஸ் தைக்க வருகிறவர்கள் "மாடி காலியாகுது, நல்ல ஆளா இருந்தாச் சொல்லுங்க" என்பார்கள். சொல்லிச் சொல்லியே தொழிலாகிவிட்டது. திருச்சியில் பெல் நிறுவனம் இருக்கிறது, பொன்மலை ரயில்வே இருக்கிறது, பேங்க் இருக்கிறது, ஏப்ரல் மே மாதங்களில் மாற்றலாகி வருகிறவர்கள் நிற்காமல் வருவார்கள். ஒரு மாத வாடகை கமிஷன் என்பது சின்னத் தொகைதான். ஆனால் இன்றைக்கு வாடகைக்கு வருகிறவர் நாலு வருஷம் கழித்து வீடு வாங்க உன்னைத்தான் கூப்பிடுவார். எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் நிற்கும், எந்த போர்வெல்லில் உப்புத் தண்ணீர், எந்த ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுப்பார் என்பதெல்லாம் வாடகை வீடு பார்த்துத்தான் தெரியவரும்.

ஒன்று சொல்லிவைக்கிறேன், அதில் உனக்கு வருத்தம் வரும். வீட்டு ஓனர்களில் பலர் வாடகைக்கு வருகிறவர் என்ன சம்பளம் என்று கேட்பதற்கு முன் "என்ன ஆளுங்க" என்று கேட்பார்கள். நேரடியாகக் கேட்கக் கூசுகிறவர்கள் "சைவம்தானே" என்பார்கள். இதை உன் வழியாகத்தான் கேட்பார்கள், அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளாக நீ நிற்க வேண்டியிருக்கும். நான் அப்படிப்பட்ட வீடுகளை என் நோட்டில் எழுதுவதில்லை. வருமானம் குறைந்தது உண்மை, வீடு கிடைக்காமல் அலைந்த எத்தனையோ குடும்பங்கள் என்னைத் தேடி வந்ததும் உண்மை. உன் நோட்டை நீ எப்படி வைத்துக்கொள்வது என்பது உன் இஷ்டம்.

கமிஷன் விஷயம். விற்பனைக்கு இரண்டு பக்கமும் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று ஊர் வழக்கம். இதில் கூச்சப்படுகிறவர்கள் பிழைக்க மாட்டார்கள். இடத்தைக் காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடு, சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிவிடு. கிரயத்தன்றைக்குச் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலை விட்டுக் கிளம்புவதற்குள் வாங்கிவிடு. மறுநாள் போனை எடுக்க மாட்டார்கள். போட்டோ எடுத்து, கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்ததும் எல்லோருக்கும் மறதி வந்துவிடுகிறது, அது என்ன மாயமோ. ஒரு இடத்துக்கு நடுவில் நாலு மீடியேட்டர் நின்றால் யார் யாருக்கு எவ்வளவு என்பதை முதல் சிட்டிங்கிலேயே பேசி முடித்துவிடு. ஓனர் கேட்கிற விலைக்கு மேலே வைத்து மிச்சத்தைத் தானே எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களோடு சேராதே, வாங்கியவரும் விற்றவரும் என்றைக்காவது ஒரு கல்யாணத்தில் சந்தித்துப் பேசிக்கொள்வார்கள்.

வாங்குபவரிடம் முழுச் செலவையும் முதல் நாளே சொல்லு. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 20 லட்ச ரூபாய் மனைக்கு 1,80,000. இதைக் கடைசி நாள் சொன்னால் நகையை அடகுவைக்க ஓடுவார்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்துவிட்டு மிச்சத்தைக் கையில் கொடுக்கலாம் என்று இரண்டு தரப்பும் கண்ணடிப்பார்கள். நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பேச்சு எடுக்கும்போது நீ எழுந்து வெளியே வந்துவிடு.

பேருந்து நிலையத்தைச் சொல்லி விற்காதே, தேன்மொழி. 2019 ஜனவரியில் தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் வைத்ததும் திருமங்கலம் ரோடு முழுக்க "எய்ம்ஸ் மிக அருகில்" என்று போர்டு வைத்தார்கள். வருஷக்கணக்கில் அங்கே சுற்றுச்சுவர்தான் நின்றது, கடன் வாங்கி மனை வாங்கியவர்கள் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். 2004இல் உயர்நீதிமன்றக் கிளை வந்தபோது ஒத்தக்கடைப் பக்கம் விலை ஏறியது நிஜம், ஆனால் அது வரும் வரும் என்று விற்றதல்ல, கட்டடம் நின்றது. இன்றைக்கு அங்கே தண்ணீர், ரோடு, பஸ் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லு.

தனியாக இடம் காட்டப் போகும்போது பகலில் போ. உன் வண்டியில் போ, அவர்கள் காரில் ஏறாதே. எங்கே போகிறாய் என்று அம்மாவுக்கு லொக்கேஷன் அனுப்பிவிடு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் "மேடம், அந்த சைட்" என்று போன் வந்தால் காலையில் பேசலாம் என்று வைத்துவிடு. நிஜமாக வாங்குகிறவர் காலையில் பேசுவார்.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள். ஆடிப்பெருக்கன்று மட்டும் சார்பதிவாளர் ஆபீஸில் கூட்டம் தாங்காது. அதனால் ஆறு மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு இறங்கு. பி.எஃப். பணத்தில் ஸ்கூட்டருக்கு டயர் மாற்றிக்கொள், விசிட்டிங் கார்டு அப்புறம் அடிக்கலாம்.

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
அத்தை

பி.கு.: 1968 பத்திரத்தின் இரண்டாம் பக்கம் நீ அனுப்பியதில் இல்லை. நாலு எல்லையும் சொல்கிற செக்குபந்தி அதில்தான் இருக்கும். வடக்கே வாய்க்கால் என்று இருக்கிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்து அனுப்பு. மணப்பாறைக்குப் போவதற்கு முன்னாலேயே அனுப்பு.