கைரேகையும் அந்தரங்கமும்

எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையிலும் காட்டு வேலையிலும் உழைத்து ரேகை தேய்ந்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து ரேஷன் கடை இயந்திரத்தின்மீது வைக்கும் அத்தைமார்களைக் கண்டு வளர்ந்தவனுக்கு, சைபர் பாதுகாப்பும் அந்தரங்க உரிமையும் பற்றிய முதுநிலைப் படிப்பு உத்தியோக மார்க்கமாக மட்டும் தோன்ற நியாயமில்லை. கடவுச்சொல் களவு போனால் மறுகணமே மாற்றிக்கொள்ளலாம். ரேகை களவு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது? ஆகையால், பெற்ற விவரத்தைச் சங்கேதமாக்குவதோடு, தேவைக்கு மேல் எதையுமே பெறாதிருக்கும் தர்மத்தையும் இப்படிப்பு போதிக்கிறது.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஏகமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 24-8-2017 அன்று பிரகடனம் செய்தார்கள். கணிதத்தையே எதிர்பார்த்து வந்த எனக்கு இத்தீர்ப்பும் பாடமாக வாய்த்ததைப் பெரும் பாக்கியமாகக் கருதுகிறேன். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது.

ஊர்ச் சொந்தங்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு; வேண்டியபோது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். மோசடியால் பணம் பறிபோனால், தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.