நெடுந்தூரத் துவக்கும் அதன் செலவுக் கணக்கும்

தமிழாசிரியர் ஒருவர் துவக்கின் விலையைப் பற்றி எழுதப் புகுந்தமை இம்மலரின் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். சிலருக்கு வெறுப்பும் அளிக்கலாம். இரண்டும் நியாயமே. துவக்கு என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிக்கும் தலைமுறையில் வளர்ந்தோர் நாம். சிறு பராயத்தில் வளவிலும் ஒழுங்கையிலுங் கிடந்த வெற்றுக்கோதுகளைப் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். ஒரு தோட்டா என்ன விலை என்று அக்காலத்தில் நாம் கேட்டதுமில்லை, எவருஞ் சொன்னதுமில்லை. பல்லாண்டுகளின் பின் அதனை எமக்குச் சொன்னவர் பழைய மாணவர் ஒருவரே.

எம்மிடந் தமிழ் பயின்ற அவர் இன்று கனடாவிற் குடும்பத்தோடு வாழ்கிறார். உரிய உரிமம் பெற்று இலக்குச் சூட்டில் ஈடுபட்டு வருகிறார். ஒட்டாவா நகருக்கு அணித்தாயுள்ள கொனோற் சூட்டுத் திடலில் ஆண்டுதோறும் ஓகஸ்ற் மாதத்தில் நடைபெறும் போட்டிகளில், 900 மீற்றர் தூரத்து இலக்கை நோக்கி, நிலத்திற் படுத்துச் சுட வேண்டும். அதற்கெனத் தம் உடலளவுக்கு ஏற்பத் துவக்கொன்றைக் கட்டுவிக்க விரும்பினார். வீட்டாரோ, அந்தக் காசுக்கு ஒழுகுங் கூரையை மாற்றலாமே என்றனர். வழக்கு எம்மிடம் வந்தது. "கட்டுவதா, கடையில் வாங்குவதா? பிழை பார்த்துத் தாருங்கள், சேர்" என்று கணக்கொன்றை எழுதி அனுப்பியிருந்தார். கட்டுரைக் கொப்பி திருத்திய கைக்கு இதுவும் ஒரு வேலையாயிற்று.

கணக்கு வருமாறு இருந்தது: தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறி 1,800 டொலர், குழலும் அதனைக் கடைந்து பொருத்துங் கூலியும் 1,200, பிடங்கு 1,500, விசை 350, தொலைநோக்கி 2,500, அதனைத் துவக்கின்மேல் அமர்த்தும் தண்டும் கவ்விகளும் 400. ஆக 7,750 டொலர். கடையில் ஆயத்தமாயுள்ள நல்ல துவக்கு 2,000 டொலர். தொலைநோக்கியும் கவ்வியும் சேர 4,900. வேற்றுமை 2,850 டொலர்.

கவ்விக்கு 400 டொலரா என்று நாம் முதலில் மலைத்தோம். பின்னர் விளங்கிற்று. 100 மீற்றருக்குக் குறி சரிபார்த்த துவக்கின் சன்னம் 900 மீற்றரை அடையுமுன் 8 மீற்றருக்கு மேல் தாழ்ந்துவிடும். அத்துணைத் தாழ்வை ஈடுசெய்யத் தொலைநோக்கியின் திருகு மாத்திரம் போதாதுவிடலாம். ஆதலின் அதனைச் சற்றே முன்சரிவாக அமர்த்துகின்றனர். இதிற் சிக்கனம் பார்ப்பது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பிணங்குவதாகும்.

உண்மையான வினா குழலைப் பற்றியது. கடைத் துவக்கு 100 மீற்றரில் 3 சென்ரிமீற்றர் வட்டத்துள் சன்னங்களைச் சேர்க்குமாயின், 900 மீற்றரில் அவ்வட்டம் 27 சென்ரிமீற்றராகும். கைதேர்ந்தோர் பொருத்திய குழல் அதனைப் பாதியாக்கலாம். கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆயின் காற்றை மறந்துவிடலாகாது. 1952இல் வெளிவந்த .308 வின்செஸ்ரர் என்னுந் தோட்டாவையே அவர் பயன்படுத்துகிறார். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்திற் குறுக்கே வீசுங் காற்று அதன் சன்னத்தை அத்தூரத்தில் 2 மீற்றருக்கு மேல் ஒதுக்கிவிடும். காற்றின் வலியைக் காற்பங்கு பிழைக்க மதித்தாற்கூட அரை மீற்றர் தவறும். அரை மீற்றர் தவறுபவருக்குக் குழல் மிச்சம்பிடித்துக் கொடுக்கும் ஏழு சென்ரிமீற்றரால் ஆவதென்ன?

காற்றைக் கற்பதற்குச் சுட்டேயாக வேண்டும். சுடுவதற்கோ காசு வேண்டும். போட்டிக்குரிய தோட்டா ஒன்று ஏறத்தாழ 2 டொலர். .308 குழல் ஏறத்தாழ 5,000 தோட்டாவரை துல்லியங் கெடாதிருக்கும் என்பர். சன்னத்தை மிக்க வேகத்திற் செலுத்தும் பெருந்தோட்டாக்கள் சில 1,500இலேயே குழலைத் தின்றுவிடும். ஆக, 1,200 டொலர்க் குழல் தேயுமுன் அதனூடே 10,000 டொலர் புகையாகிப் போகும். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது இதுதான். கோதுகளைச் சேர்த்துத் தாமே மருந்தடைத்துக் கொள்வோர் செலவைக் குறைக்கலாம். அதற்குரிய கருவிகளுக்கு முதலிற் பணம் வேண்டும். கோதுகளைக் காசு கொடுத்து வாங்குவோரும் உலகில் உளர் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இவ்வாராய்ச்சி புதியதன்று. யோசேப் விற்வேத் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் அமைத்த அறுகோணத் துளைத் துவக்கு, 1857ஆம் ஆண்டுப் பரிசோதனையில் அந்நாட்டுப் படையின் என்பீல்ட் துவக்கைத் துல்லியத்தில் நெடுந்தூரம் விஞ்சிற்று. விலை ஏறத்தாழ நான்கு மடங்கு. துளையில் மருந்துக் கரியும் எளிதிற் படிந்தது. படையினர் அதனை ஏற்றிலர். 1860இல் விம்பிள்டன் போட்டியைத் தொடக்கிவைத்த விக்ரோறியா மகாராணியார் அத்தகைய துவக்கினாலேயே 400 யார் தூரத்து இலக்கின் நடுவிற் சுட்டார். துவக்கைத் தாங்கியிற் பூட்டிக் குறியையும் பிறர் சரிசெய்து வைத்திருந்தனர். அரசியார் செய்தது கயிற்றை இழுத்தது மாத்திரமே. எமது மாணவருக்கு அவ்வசதி கிடையாது.

நாம் எழுதிய விடை சுருக்கமானது. தொலைநோக்கியிற் குறை வைக்கற்க. அது எத்துவக்குக்கும் மாற்றத்தக்கது. துவக்கைக் கடையில் வாங்குக. மிஞ்சும் 2,850 டொலரில் 1,425 தோட்டா வாங்கலாம். அல்லது கூரைக்குக் கொடுக்கலாம். எதனைச் செய்வது என்பதில் எமக்கு அதிகாரமில்லை. குழல் தேய்ந்தபின், அதனை மாத்திரங் கழற்றி, அளவெடுத்த குழலைப் பொருத்துவிக்கலாம் என்றும் எழுதினோம்.

அவர் பணத்தைப் பங்கிட்டிருக்கிறார். கூரையின் ஒரு பக்கம் மாற்றப்பட்டது. மறுபக்கத்துக்குத் தவணை குறித்திருக்கிறார்களாம். முதற் பருவத்தில் 600 தோட்டா சுட்டு, ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசையையும் வலியையும் தமிழிலேயே குறித்து வைத்திருக்கிறார். அக்கொப்பியின் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். வாடைக்கும் கொண்டலுக்கும் அங்கே பொருள் சற்று வேறுபடுகிறது. அதுபற்றி இன்னுங் கடிதப் போக்குவரத்து நடைபெறுகிறது.