மூன்று குவியல்

வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை. துவாக்குடியில் ஓர் அரசுப் பள்ளி. மூலையில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். வாய் திறப்பதில்லை என்று சொல்லித்தான் உள்ளே வந்தேன். சன்னலுக்கு வெளியே திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலை இரைகிறது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போகும் பேருந்து ஒன்று நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு நகர்கிறது.

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, 24 பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் கலந்த கூட்டம். இவர்கள் முல்லைக் குழு. 2024-இல் அரசுப் பள்ளிகளுக்கு வந்த ‘மகிழ் முற்றம்’ திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாசிரியர் உண்டு. அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகளில் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் சில மாணவர்களை விட்டு, பாடம் தவிர்த்த விஷயங்களையும் பேசவிடுவார்கள். இந்த ஆசிரியை தன் குழுவை அப்படித்தான் நடத்திப் பார்க்கிறார்.

அவர் கையில் அச்சடித்த தாள் ஒன்று இருக்கிறது. முடிவெடுத்தல், பிறர் நிலையில் நின்று உணர்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களிலிருந்து எடுத்த தலைப்புகள்.

“இன்னைக்கு முடிவெடுத்தல் பத்திப் பேசலாமா?”

“பேசலாம் மிஸ்.” எல்லாக் குரலும் ஒன்றாக வருகிறது. அதற்குப் பிறகு ஒரு குரலும் வரவில்லை. ஒருத்தி உடையின் நுனியைச் சுருட்டுகிறாள். ஒரு பையன் தரையில் விரலால் கோடு போடுகிறான். மின்விசிறியின் கடகடப்பு கேட்கிறது.

ஆசிரியை தாளை மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறார். ஒரு நோட்டிலிருந்து நான்கு தாளைக் கிழித்து, ஒவ்வொன்றையும் ஆறு துண்டாக்குகிறார். “பேரு எழுத வேண்டாம். உங்க மனசுல ஓடுறது எதுவோ அதை எழுதுங்க. ஒரு வரி போதும்.” சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்துக் காலிசெய்து வட்டத்தின் நடுவே வைக்கிறார்.

இப்போது அறையில் வேறு மாதிரி அமைதி. பேனாக்கள் ஓடுகின்றன. சிலர் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். டப்பா நிறைகிறது.

அவர் என் பக்கத்து மேசைக்கு வந்து துண்டுகளைப் பிரிக்கிறார். கண் தானாக அங்கே போகிறது. வரிகளைப் படிக்காமல் பார்வையை அவர் விரல்களில் நிறுத்திக்கொள்கிறேன். விரல்கள் மூன்று குவியல் போடுகின்றன.

முதல் குவியலில் 14. இவற்றை அவர் எனக்குக் கேட்கும் அளவு மெல்லப் படிக்கிறார். மூன்று துண்டில் ரோட்டைத் தாண்டுவது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சுமார் 14.5 கிலோமீட்டருக்கு அணுகுசாலை வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறார்கள். லாரிகளுக்கு இடையே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளைகள் அதையே மூன்று வார்த்தையில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு துண்டில் செல்போன். மீதி ஒன்பதும் ஏறக்குறைய ஒரே விஷயம்: பத்து முடித்து என்ன படிப்பது?

இரண்டாவது குவியலில் நான்கு. இவற்றை எல்லாருக்கும் கேட்கப் படிக்கிறார். “பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.” “தண்ணி டேங்க் கழுவணும்.” இவற்றில் அவர் பேச்சுக்குத் தலைப்புத் தேடவில்லை. பேனாவை எடுத்து நாலையும் டைரியில் குறித்துக்கொள்கிறார். “இதுல பேச ஒண்ணுமில்ல. செய்யணும். திங்கக்கிழமை எச்.எம். கிட்டச் சொல்லிட்டு உங்களுக்குப் பதில் சொல்றேன்.” தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பற்றிப் பிள்ளைகளை விவாதிக்கவைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

மூன்றாவது குவியலில் ஐந்து. இவற்றை அவர் படித்துக்காட்டவில்லை. ஒன்றை இரண்டு முறை படித்தார். மறுபடி மடித்தார். ஐந்தையும் கைக்குட்டைக்குள் வைத்து முடிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் சுவரில் 14417, 1098 என்று இரண்டு உதவி எண்கள் பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன. எண்கள் இருந்தாலும், பக்கத்திலேயே காதுகொடுக்க ஒரு பெரியவரும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். வட்டத்தின் நடுவே வைக்கக் கூடாத பேச்சு என்று ஒன்று உண்டு.

இன்னும் ஒரு துண்டு மிச்சம். எட்டாக மடித்து நகத்தளவு ஆக்கிய துண்டு. பிரித்தால் ஒன்றுமே எழுதவில்லை. அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார்.

பிறகு கரும்பலகைக்குப் போனார். அந்த ஒன்பதில் ஒன்று: “அப்பா ஐடிஐ போகச் சொல்றார், எனக்கு பயாலஜி வேணும்.” அதை அப்படியே எழுதவில்லை. எழுதினால் யார் வீட்டுக் கதை என்று அடுத்த நிமிடம் தெரிந்துவிடும். தன் கையெழுத்தில் இப்படி எழுதினார்: ‘பத்துக்கு அப்புறம் என்ன படிப்பது என்பதை உங்கள் வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள்?’

தாளில் இருந்த ‘முடிவெடுத்தல்’தான். துவாக்குடி வழியாக வந்ததும் அதற்கு உயிர் வந்துவிட்டது.

“மிஸ், நான் ஐடிஐ அணி!” என்று ஒருவன் எழுந்தான். “தீர்ப்பு நீங்க சொல்லுங்க மிஸ்” என்றாள் இன்னொருத்தி. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். பேச்சு என்றால் இரண்டு அணியும் ஒரு நடுவரும் வேண்டும்.

“இங்க அணியும் இல்ல, தீர்ப்பும் இல்ல. உன் வீட்டுல நடக்கிறதைச் சொல்லு, போதும்.”

சொன்னார்கள். சிட்கோ தொழிற்பேட்டையில் வெல்டிங் ஷெட்டில் அப்பா. பெல் (BHEL) தொழிற்சாலையிலிருந்து ஆர்டர் வந்தால் ஓவர்டைம், வராவிட்டால் வீட்டில் பேச்சே இருக்காது. ஐடிஐ முடித்த அண்ணன் இப்போது துபாயில். “டிப்ளமா முடிச்சா நேரா இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் சேரலாம்டா” என்று ஒருவன் விளக்கினான். “பிளஸ் டூ முடிச்சுக் காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும்னு சொல்லித்தான் எங்கம்மாவைச் சம்மதிக்க வெச்சேன்” என்றாள் ஒருத்தி. “என்கிட்ட யாருமே கேட்கல” என்று ஒரு சின்னக் குரல். வட்டம் அந்தக் குரலின் பக்கம் திரும்பியது.

இந்தப் பிள்ளைகள் பேருந்து சன்னலிலிருந்து தினமும் பார்க்கும் சாலை இது. திருவெறும்பூரில் ஐடிஐ, அப்புறம் பெல், 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய என்.ஐ.டி., துவாக்குடியில் அரசுப் பாலிடெக்னிக், அரசு கலைக் கல்லூரி. எல்லாம் இந்த ஒரே சாலையை ஒட்டி இருக்கின்றன. எந்த வாசலில் இறங்குவது என்பதை யாரிடமும் வாய்விட்டுப் பேசியதில்லை.

மணி அடித்தது. பைகள் தோளேறின. சலசலவென்று அறை காலியானது. ஒரு பையன் மட்டும் போகவில்லை. இதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவன். கரும்பலகையைத் துடைக்கிறான். எழுத்து முழுவதும் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருக்கிறான்.

ஆசிரியை கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, அந்த வெற்றுத் துண்டை மற்ற ஐந்தோடு சேர்த்தார்.

“போதும் தம்பி. வா, வந்து உட்காரு.”

நான் எழுந்து சத்தமில்லாமல் வெளியே வந்தேன். மூன்றாவது குவியலுக்குப் பார்வையாளர் கூடாது.