சின்ன மீனா, குஞ்சு மீனா?

எங்க ஊர் திண்டுக்கல். பூட்டு இருக்கு, பிரியாணி இருக்கு, மலைக்கோட்டை இருக்கு. கடல் மட்டும் கிடையாது. ஆனாலும் ஒரு மீனால் என் தாய்மாமா என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை.

மாமா மீன் வியாபாரி. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கமிருந்து ஐஸ் போட்டு வரும் மீனை வாங்கி விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை கல்லாவில் நான்தான் (பி.காம். படிக்கிறேனே!). முழங்கை நீளம்கூட இல்லாத சூரை நிறைய வரும். அதைப் பார்த்துவிட்டு, வகுப்புக் கருத்தரங்கில் "குஞ்சுச் சூரையை விற்பது விதைநெல்லைச் சமைப்பது மாதிரி" என்று முழங்கினேன். நல்ல கைதட்டல். ஆனால் அதைக் கேட்ட இரண்டு பேராசிரியர்கள் மாமா கடையில் சூரை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

"ஏன் மாப்ள, எலிச்சூரை எம்புட்டு வளரும்னு தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார் மாமா. தெரியாது. அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

எலிச்சூரை கரையை ஒட்டி வாழும் சிறிய இனம். சுமார் 30 செ.மீ. வந்ததுமே முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். அதே 30 செ.மீ.யில் மஞ்சள்துடுப்புச் சூரை (மாமா கேரை என்பார்) ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. அது முட்டையிட மீட்டருக்குப் பக்கமாவது வளர வேண்டும். பெட்டியில் இரண்டும் ஒரே நீளம்தான், ஆனால் ஒன்று தாத்தா, இன்னொன்று பேரன் :-)

சரி, எந்த வயசு மீன் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 2005 முதல் 2007 வரை இந்தியப் பெருங்கடலில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சூரைகளைப் பிடித்து, எண் போட்ட பிளாஸ்டிக் அடையாளம் குத்தி மறுபடி விட்டார்கள். சுமார் ஆறில் ஒன்று திரும்பக் கிடைத்தது. விட்ட இடம், பிடித்த இடம், இடையில் வளர்ந்த நீளம் எல்லாம் கணக்கில் ஏறின. வயதைக் காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லில் உள்ள வளையங்களை எண்ணிச் சொல்கிறார்கள்.

தெற்கு நீலத்துடுப்புச் சூரையின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஜாவாவுக்குத் தெற்கே பிறக்கும் குஞ்சுகள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையோரமாகவே தெற்கே இறங்குகின்றன. 2000-களில் ஆஸ்திரேலிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்கே ஒரு வயது மீன்களின் வயிற்றுக்குள் ஒலிக்கருவி வைத்தார்கள். ஒவ்வொரு மீனுக்கும் தனி எண். கடலடியில் வரிசையாக வைத்த கருவிகளின் பக்கமாக மீன் போனால் அந்த எண்ணும் நேரமும் பதிவாகும். நம்ம டோல்கேட் மாதிரி. கொஞ்சம் பெரிசானதும் கோடையில் தென்கரையின் பெரிய வளைகுடாவில் கூடுகின்றன. வளர்ந்தவை ஆழ்கடலுக்குப் போய்விடுகின்றன. ஆக கரையோரக் கடல் அவற்றுக்கு நிரந்தர வீடு இல்லை, பள்ளிக்கூடம்.

வராத கடனை எழுதும்போது தொகையை மட்டும் பார்க்காதே, எத்தனை நாள் பாக்கி என்றும் பார் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நான் மீனில் அதைத்தான் மறந்தேன். நீளத்தைப் பார்த்தேன், வயதைக் கேட்கவில்லை.

அதற்காக என் கவலை முழுக்கத் தப்பும் இல்லை. மஞ்சள்துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதாக இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2015-ல் அறிவித்தது. பிடிப்பைக் குறைக்க 2016-ல் விதி வந்தது. 2024 மதிப்பீட்டில்தான் நிலைமை தேறியிருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் "சின்னது எல்லாம் கூடாது" என்று பொத்தாம்பொதுவாக விதி போட்டால் கேரைக்குஞ்சு தப்பும், எலிச்சூரை பிடிப்பவர் வயிறு காயும்.

பத்தாம் நாள் மாமாவே இரண்டு மீனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதுகுத் துடுப்பு இரண்டும் நன்றாகத் தள்ளி இருந்தால் எலிச்சூரை. ஒட்டினாற்போல் இருந்தால் கேரை.

"இது குஞ்சுதானே மாமா?" என்றேன்.

"குஞ்சுதான். செத்து வந்ததை நான் எங்க மாப்ள கடல்ல விட?"

பதில் இல்லை என்னிடம். அடுத்த கருத்தரங்கில் என் தப்பை நானே வாசித்தேன். இந்த முறை கைதட்டல் இல்லை. ஒரு பேராசிரியர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து துடுப்பைப் பார்த்து வாங்கிப் போனார். இன்னொருவர் இன்னும் வரவில்லை.