தலைப்பு அப்புறம், கேலிப்பர் முதலில்

அண்மையில் ஒரு பாராட்டு விழாவில், மேடையில் இருந்த பெரியவர் என்னைக் காட்டி, "இப்பல்லாம் விசில் ஊதவும் டாக்டர் பட்டம் தர்றாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி நூறாண்டு தாண்டிவிட்டது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தத் துறைக்கென்றே தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. இன்னமும் பி.டி. வாத்தியார் என்றால் இளக்காரம்தான். இருக்கட்டும். அந்தப் பெரியவரைவிட எனக்கு அதிக வருத்தம் தருகிறவர்கள், பிஎச்.டி. பதிவு செய்ய யோசனை கேட்டு வரும் நம் பிள்ளைகள்.

வரும்போதே கையில் தலைப்பு இருக்கிறது. 'கல்லூரிக் கபடி வீரர்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உடற்திறன் மாறிகளில் பிளையோமெட்ரிக் பயிற்சியின் விளைவு.' கபடியை எடுத்துவிட்டு வாலிபாலைப் போட்டால் அடுத்த ஆய்வேடு தயார். 45 பேர், மூன்று குழு, 12 வாரம், முன்தேர்வு, பின்தேர்வு, அன்கோவா, ஷெஃபே. முடிவு சிக்னிஃபிகன்ட். பயிற்சி கொடுத்தால் உடம்பு தேறும் என்பதை இன்னும் எத்தனை பேர் நிரூபிக்க வேண்டும்?

விதிமுறைகள் அவர்களுக்கு மனப்பாடம். முதுகலையில் 55 விழுக்காடு, நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30, கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட், மூன்று முதல் ஆறு ஆண்டு. நெறியாளரிடம் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு என்பது 2022 விதி. எட்டாவது ஆளாகப் போய்ச் சேர்ந்துவிட்டு, நெறியாளர் மைதானத்துக்கே வருவதில்லை என்று அப்புறம் புலம்புவார்கள்.

என் நெறியாளர் தலைப்பே கேட்கவில்லை. ஸ்கின்ஃபோல்டு கேலிப்பரைக் கையில் கொடுத்து, விடுதிப் பையன்களின் ட்ரைசெப்ஸை அளந்து வரச் சொன்னார். வலது கையில் அக்ரோமியனுக்கும் ஒலிக்ரனானுக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். அதற்கு ஒரு சென்டிமீட்டர் மேலே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் தோல்மடிப்பைத் தூக்க வேண்டும். தசை கூட வரக் கூடாது. கேலிப்பரின் பிடி முழுதாக விழுந்ததும் இரண்டு வினாடியில் படித்துவிட வேண்டும். தாமதித்தால் மடிப்புக்குள் இருக்கும் நீர் விலகி, முள் இறங்கிக்கொண்டே போகும். ஓடிவிட்டு வியர்வையோடு வருகிறவனை அளக்கக் கூடாது. ஒரே இடத்தை அடுத்தடுத்துக் கிள்ளாமல், எல்லா இடங்களையும் ஒரு சுற்று முடித்த பிறகே திரும்ப வர வேண்டும்.

மறுநாளும் அதே பையன்கள். முதல் நாள் எண்கள் எழுதிய தாளோ அவர் சட்டைப் பையில். இரண்டு நாள் எண்களும் ஒத்துவரும்வரை ஆய்வைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "உன் கை ரெண்டு மில்லிமீட்டர் தடுமாறுது. பயிற்சி குறைக்கப்போறது ஒரு மில்லிமீட்டர். அப்புறம் என்னத்தைய்யா கண்டுபிடிக்கப்போறே?" என்பார். கொழுப்பு விழுக்காடு கணக்கிட துர்னின், வோமர்ஸ்லி இருவரின் 1974ஆம் ஆண்டுச் சமன்பாட்டை எடுத்துப் போனேன். "இவங்க யாரை அளந்தாங்க?" என்றார். கிளாஸ்கோவில் 481 பேரை. "அப்ப இது அந்த ஊர் உடம்புக் கணக்கு. நீ மில்லிமீட்டர் கூட்டுத்தொகையையே போடு" என்று முடித்துவிட்டார். அன்று கோபம் வந்தது. பின்னாளில் என்னிடம் வந்த ஒவ்வொருவரையும் நான் அதே பாடு படுத்தினேன். சிலர் வேறு நெறியாளரிடம் ஓடினார்கள்.

ஸ்டாப்வாட்சுக்கும் இதே கண்டிப்புதான். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 50 மீட்டர் ஓட்டத்தில் முன்தேர்வின்போது கொடியைப் பார்த்தும், பின்தேர்வின்போது விசிலைக் கேட்டும் பொத்தானை அழுத்தினால், பயிற்சியே இல்லாமல் பையன் சுமார் 0.15 வினாடி வேகமாகிவிடுவான். அந்த 0.15ஐ வைத்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது நாள்காட்டி. 12 வாரம் எங்கே கிடைக்கும்? அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை, நடுவில் செமஸ்டர் தேர்வு, பிறகு பொங்கல். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகள் வந்தால் நல்ல ஆட்டக்காரர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். ஜூலை முதல் செப்டம்பர்வரை ஒன்று, ஜனவரி இறுதி முதல் ஏப்ரல்வரை ஒன்று, ஆக ஆண்டுக்கு இரண்டே வாய்ப்பு. டாக்டரல் கமிட்டியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுப் பையனைச் சாயங்காலம் வாலிபால் ஆடாதே என்று சொல்லிப் பாருங்கள், கேட்கமாட்டான். அவன் என்ன ஆடினான் என்று தினமும் எழுதி வைப்பது ஒன்றே வழி.

இப்போது இந்தப் பாடெல்லாம் யாருக்கு வேண்டும்? ஒரு வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளராக உட்கார்ந்து மூல அட்டவணையைக் கேட்டேன். "எஸ்.பி.எஸ்.எஸ். பண்ணிக் கொடுத்த ப்ராஜெக்ட் சென்டர்ல இருக்கு சார்" என்று பதில் வந்தது. சுற்றி இருந்தவர்கள் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார்கள். ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதி நீக்கிவிட்டது. காசு கொடுத்து அச்சேற்றிய குப்பை குறையும் என்பது சரிதான். மிச்சமிருந்த ஒரு கெடுபிடியும் அதோடு போயிற்று.

பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தலைப்பை மடித்து வைத்துவிட்டு, உங்கள் ஆய்வுக்கு வேண்டிய கருவி எதுவோ அதை எடுத்துப் பத்துப் பேரை இரண்டு நாள் அளங்கள். அந்தத் தாள்களை நெறியாளரிடம் கொடுங்கள். அதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை என்றால், வேறு நெறியாளரைத் தேடுங்கள்.