மூன்று குண்டு தவறிய மறுநாள்

இந்த செமஸ்டரில் எனக்கு ஒரு பேப்பர் ஊத்திக்கொண்டது. வாழ்க்கையில் முதல் அரியர். "ஒரு பேப்பர்தானே மச்சி" என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். ஆனால் ரிசல்ட் வந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. எதையாவது பார்ப்போம் என்று யூடியூபில் அலைந்தபோதுதான் மார்ட்டின் ஃபூர்காட் கண்ணில் பட்டார். பனியையே நேரில் பார்த்திராத நான், அன்று விடியும்வரை பனிச்சறுக்குப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தேன் :-)

பயத்லான் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். முதுகில் குறைந்தது மூன்றரைக் கிலோ ரைஃபிளைச் சுமந்துகொண்டு பனியில் கிலோமீட்டர் கணக்கில் சறுக்கி ஓட வேண்டும். நடுவில் நின்று, 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 4.5 சென்டிமீட்டர், நின்று சுடும்போது 11.5 சென்டிமீட்டர். ஓடுவதற்கு நெஞ்சு படபடவென்று அடிக்க வேண்டும். சுடுவதற்கு அது அடங்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. அதுதான் இந்த விளையாட்டின் குசும்பு.

எனக்குப் பிடித்தது தண்டனை விதி. பெரும்பாலான போட்டிகளில், தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் சுற்று ஒன்றைக் கூடுதலாக ஓட வேண்டும். ஒரு சுற்றுக்கு 20 விநாடிக்கு மேல் ஆகும். அவ்வளவுதான் தண்டனை. ஓடி முடித்ததும் மறுபடி பாதைக்கு வந்துவிடலாம். ஆனால் மற்றவர்கள் முன்னால் பறந்துகொண்டிருக்கும்போது, நாம் மட்டும் அந்தக் குட்டி வட்டத்தில் சுற்றுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபூர்காட் 1988இல் பிரான்ஸின் தெற்குக் கோடியில், பிரனீஸ் மலையடிவாரத்து செரே என்ற ஊரில் பிறந்தவர். அண்ணன் சிமோனும் பயத்லான் வீரர். அண்ணன் வழியில் வந்த தம்பி, அண்ணனைத் தாண்டிப் போய்விட்டார். 2011-12 சீசன் தொடங்கி 2017-18 வரை, இடைவெளியே இல்லாமல் ஏழு முறை உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டம். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். இப்படிப்பட்ட ஆளுக்குக் குண்டே தவறாது என்றுதான் நானும் நினைத்தேன்.

2018 பிப்ரவரி 11, தென்கொரியாவின் பியாங்சாங் ஒலிம்பிக். 10 கிலோமீட்டர் ஸ்பிரின்ட். முதல் முறை படுத்துச் சுட்டதில் ஐந்தில் மூன்று தவறிவிட்டது. மூன்று தண்டனைச் சுற்று! அடுத்து நின்று சுட்டபோது ஐந்தும் விழுந்தன. ஆனாலும் எட்டாம் இடம்தான். முதலாவது வந்த ஜெர்மனியின் ஆர்ன்ட் பைஃபரைவிட 22 விநாடி பின்தங்கல். கிட்டத்தட்ட ஒரே ஒரு தண்டனைச் சுற்றின் நேரம்!

மறுநாள் பர்சூட் போட்டி. இதில் ஸ்பிரின்டில் எத்தனை விநாடி பின்தங்கினோமோ, அத்தனை விநாடி கழித்துத்தான் கிளம்ப முடியும். அதாவது நேற்றைய தப்பை முதுகில் கட்டிக்கொண்டுதான் இன்று ஓட வேண்டும். எட்டாவதாகக் கிளம்பினார். 20 குண்டில் ஒன்றே ஒன்று தவறியது. தங்கம்!

சினிமாவாக இருந்தால் இங்கே வணக்கம் போட்டிருப்பார்கள். மூன்று நாள் கழித்து 20 கிலோமீட்டர் போட்டி. அதில் தண்டனைச் சுற்று கிடையாது. தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் சேரும். முதல் 18 குண்டும் விழுந்தன. தங்கம் கைக்கெட்டும் தூரத்தில். கடைசி இரண்டு குண்டும் தவறின. ஐந்தாம் இடம்.

இந்த இடத்தில்தான் நான் வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறை விழுந்து எழுந்தவன் மறுபடி விழ மாட்டான் என்று யார் சொன்னது?

பிப்ரவரி 18. 15 கிலோமீட்டர் மாஸ் ஸ்டார்ட். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் போட்டி. நான்கு வருஷத்துக்கு முன் சோச்சியில் இதே போட்டியில், நார்வேயின் ஸ்வென்ட்சென் கோட்டுக்கு முன்பே கையைத் தூக்கிக் கொண்டாடியும், ஃபோட்டோ ஃபினிஷில் ஃபூர்காட் வெள்ளியோடு போனார். இப்போது ஜெர்மனியின் சைமன் ஷெம்ப்போடு மறுபடி ஃபோட்டோ ஃபினிஷ். கோட்டைத் தாண்டியதும், தோற்றுவிட்டோம் என்று நினைத்து ஊன்றுகோலைக் கோபத்தில் பனியில் ஓங்கி அடித்தார். படத்தைப் பார்த்தால் தங்கம் அவருக்குத்தான்! இரண்டு நாள் கழித்துக் கலப்பு ரிலேயிலும் தங்கம்.

அதோடு சுபம் என்றும் சொல்ல முடியாது. அடுத்த 2018-19 சீசனில் தொடக்கத்தில் ஜெயித்தவர், பிறகு சறுக்கிக்கொண்டே போனார். உலக சாம்பியன்ஷிப்பில் தனிநபர் பதக்கம் ஒன்றுகூட இல்லை. ஏழு வருஷம் முதலிடத்தில் இருந்தவர் 12ஆம் இடத்தில். இந்த முறை சரிசெய்ய 'மறுநாள்' போதவில்லை. ஒரு வருஷம் ஆனது. 2020இல் 20 கிலோமீட்டரிலும் ரிலேயிலும் மறுபடி உலக சாம்பியன். அந்த மார்ச்சில், பின்லாந்தின் கோன்டியோலாத்தியில் கடைசிப் போட்டியை ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். ஒட்டுமொத்தப் பட்டம் மட்டும் இரண்டே புள்ளியில் நார்வேயின் யோஹானஸ் போவிடம் போய்விட்டது.

இன்னொரு விஷயம். 2010 வான்கூவர் மாஸ் ஸ்டார்ட்டில் அவர் வாங்கியது வெள்ளி. தங்கம் வென்ற ரஷ்ய வீரர் உஸ்த்யுகோவ் ஊக்கமருந்து விவகாரத்தில் தகுதி இழந்ததால், 2025இல் அந்தத் தங்கம் ஃபூர்காட்டுக்கு வந்தது. பதினைந்து வருஷம் கழித்து ஆறாவது தங்கம்!

ஆறு தங்கம் வாங்கிய கதையைவிட எனக்கு அந்த 150 மீட்டர் வட்டம்தான் மனதில் நிற்கிறது. உலகத்திலேயே சிறந்தவனும் அதில் சுற்றியிருக்கிறான், எல்லோரும் பார்க்கச் சுற்றியிருக்கிறான். குறுக்குவழியும் இல்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவும் வழி இல்லை. சுற்ற வேண்டியதைச் சுற்றிவிட்டு வெளியே வர வேண்டும். அடுத்த இலக்கும் தவறலாம்.

நேற்று அரியருக்குப் பணம் கட்டிவிட்டேன். ரிசல்ட் என்ன என்று இப்போதே கேட்காதீர்கள். இன்னும் வட்டத்துக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன் :-)