மாமாவின் மூங்கிலும் என் மாடலும்

அபர்டீனில் இன்றைக்கும் மழைதான். அதை விடுங்க, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஒரு விஷயம்.

என் பிழைப்பு கடலுக்குள் தொங்கும் குழாய்களோடு. (ஐ.டி. இல்லீங்க!) கடலடிக் கிணற்றிலிருந்து மிதக்கும் கப்பல் வரைக்கும் வளைந்து தொங்கும் ரைசர். அலையில் அது எங்கே எவ்வளவு வளையும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லணும்.

சேர்ந்த புதிதில் ஒரு சோதனை மாடல். 100 மீட்டர் குழாய், ஒரு முனையில் பிடிப்பு, மறுமுனையில் எடை. காலேஜில் மனப்பாடம் செய்த ஆய்லர்–பெர்னூலி சூத்திரத்தைப் போட்டேன். நுனி 60 மீட்டர் இறங்கியது. வளைந்த குழாயை அளந்தால் நீளம் கிட்டத்தட்ட 120! இரும்பு என்ன சூயிங்கமா? சீனியர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கு.

அப்பத்தான் விழிஞ்ஞம் மாமா ஞாபகம் வந்தார். கொல்லங்கோட்டிலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்ட மீன்பிடிக்காரர். பள்ளி லீவில் அவர் வீடுதான். 1991-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸ்காரர்கள் அங்கே அலையிலிருந்து கரண்ட் எடுத்தபோது கூட்டிப்போய்க் காட்டியவர். ஒருநாள் மூங்கில் கழியின் நுனியில் வாளியைத் தொங்கவிட்டு, "பாருலே மருமவனே, நுனி கீழ மட்டுமா போவுது? உள்ளயும் வருதுல்லா?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். கொஞ்சமாக வளையும்வரை பழைய சூத்திரம் போதும். அதிகம் வளைந்தால் நுனி உள்ளே வருவதை அது பார்க்காது, குழாயை இழுத்து நீட்டிவிடும். ஆய்லர் 1744-லேயே பெரிய வளைவுக்கு வழி சொன்னார். 1909-ல் கோசரா சகோதரர்கள் கம்பியின் ஒவ்வொரு புள்ளிக்கும் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற கணக்கையும் சேர்த்தார்கள். வளைவு, முறுக்கு எல்லாம் ஒன்றாக வரும். இன்று நாங்கள் குழாயைத் துண்டு துண்டாக்கி அதைத்தான் ஓட்டுகிறோம்.

2023 அக்டோபரில் புதுத் துறைமுகத்துக்கு ஷென் ஹுவா 15 கப்பலில் கிரேன்கள் வந்து இறங்கின. மாமா போன் பண்ணினார்.

"அந்த நீட்டுக் கையி வளையாதாலே?"

"வளையும் மாமா. எவ்வளவு வளையும்னு கணக்குப் போட்டுத்தான் கட்டுவாங்க."

"அப்ப கரை போவுறதுக்கும் கணக்குப் போடுவியா?"

2022-ல் கரை அரிக்குதுன்னு மாசக்கணக்கில் நடந்த போராட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார். மணல் நகர்வது வேறு மாடல், என் படிப்பு இல்லை என்றேன். உண்மைதான். ஆனால் சொன்னபோது நாக்கு கூசியது. என் மாடல் எல்லாவற்றிலும் ஒரு முனையாவது அசையாத இடத்தில் கட்டியிருக்கும். அவர் வீட்டு வாசலிலிருந்து கடல் இப்போ எத்தனை எட்டு என்று கேட்கவில்லை.

"செரி, வரும்போ நல்ல கயிறு கொஞ்சம் கொண்டாலே" என்று வைத்துவிட்டார்.

டிசம்பருக்கு டிக்கெட் போட்டாச்சு. லக்கேஜில் 10 கிலோ கயிறுக்கு வீட்டம்மாவிடம் இன்னும் பர்மிஷன் வாங்கவில்லை.